சித்திரை வெயிலில் பொரியாமல் போன ஆமை முட்டைகள்: சூடுதான் காரணமா?

மணல்மேடு (மே 20, இரவு 9.40)

வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கடலோரக் குப்பத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், முட்டை இருக்கிற இடம் தெரிந்தால் தேடிக்கொண்டு வர ஆட்கள் இருக்கிறார்கள். வனத்துறை அனுமதியோடு நடக்கும் சின்னப் பொரிப்பகம் ஒன்றில் தன்னார்வலராக இது எனக்கு இரண்டாவது வருடம். தை முதல் சித்திரை வரை இரவு நடை, முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் புதைப்பது, கணக்கு எழுதுவது, பொரிந்ததும் குஞ்சுகளைக் கடலில் விடுவது. வருவதெல்லாம் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) தான். வேறு இனம் எதுவும் எங்கள் கரையில் ஏறி நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் முதல் குழி ஜனவரி 27. முட்டை 112. ஐம்பத்து நான்காம் நாள், மார்ச் 22 இரவு பொரிந்தது. 98 குஞ்சுகள் கடலுக்குப் போயின. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் நின்று பார்த்தார்கள்.

ஏப்ரல் 2 குழிதான் என்னைத் தூங்கவிடவில்லை. முட்டை 121. நாற்பத்தைந்தாம் நாளே, மே 17 சாயங்காலம், மேல் மணல் கிண்ணம் மாதிரி லேசாக உள்வாங்கியது. வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம். விடிய விடிய 19தான் வந்தது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு நேற்று வனக்காப்பாளர் முன்னிலையில் குழியைத் திறந்தோம். முக்கால்வாசிக்கு மேல் முட்டைகளுக்குள் முழுக் குஞ்சு இருந்தது. முன் துடுப்பு முகத்தின் மேல் மடிந்தபடி, கண் மூடி, வயிற்றில் கடலைப்பருப்பு அளவுக்கு மஞ்சள் கரு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, அப்படியே செத்துப்போயிருந்தது. ஒன்றின் மூக்கு ஓட்டைக் கிழித்து வெளியே வந்திருந்தது, அதோடு நின்றுவிட்டது. குழிக்குள் முழங்கை வரை கைவிட்டேன். அடியில் குளிர்ச்சியாக இருக்கவேண்டிய மணல், வடித்து வைத்த சோற்றுப்பானையைத் தொட்டதுபோல் இருந்தது.

என் கேள்விகள் இவைதான். இது வெயிலால்தானா? மணல் சூடானால் எல்லாமே பெண் குஞ்சாகப் பொரியும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் பொரிப்பகத்துக்கு மேலே பந்தல் போடலாமா? போட்டால் இயற்கையில் கைவைப்பதாகுமா? தண்ணீர் தெளிக்கலாமா? ஏப்ரல் 19 குழி ஒன்று, 109 முட்டை, இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. அதற்கு இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

பிள்ளைகள் கேட்கிறார்கள். "சார், ஏன் சார் உள்ளேயே செத்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

உப்புக்காற்று (மே 20, இரவு 11.15)

ஆசிரியரே, கடல் உயிரியல் படிக்கிறவள் என்பதால் அறிவியல் பகுதியை மட்டும் சொல்கிறேன். களத்தில் செய்யவேண்டியதை அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

நமக்கு இருப்பதுபோல் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் கடலாமைக்குக் கிடையாது. முட்டை மண்ணுக்குள் இருக்கும் நாட்களை மூன்றாகப் பிரித்தால், நடுப் பங்கில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. 29, 30 டிகிரியை ஒட்டி ஆணும் பெண்ணும் கலந்து வரும். 27, 28க்குக் கீழே போனால் பெரும்பாலும் ஆண். 31, 32ஐத் தாண்டினால் ஏறக்குறைய எல்லாம் பெண். அதற்கும் மேலே போய், 34, 35 டிகிரி பல நாள் நீடித்தால் ஆண் பெண் என்ற பேச்சே இல்லை, கரு செத்துவிடும். கடைசிப் பங்கில் நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் ஒரே குழியில் மூச்சுவிட்டு வளர்வதால் குழியே தனக்குள் ஒன்றிரண்டு டிகிரி சூட்டைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் பக்கத்து வெறும் மணலை மட்டும் அளந்தால் குழியின் உண்மைச் சூடு தெரியாது.

சூடு கூடக்கூட முட்டை சீக்கிரம் பொரியும். உங்கள் கணக்கிலேயே 54 நாள் 45 நாளாகிவிட்டது, பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டுப் பகுதியில் பேராமைகளை (பச்சை ஆமைகளை) ஆராய்ந்து 2018ல் ஒரு கட்டுரை வந்தது. அதன் வடக்குப் பகுதிக் கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண். அதே கரைகளில் பிறந்து முழு வளர்ச்சி அடைந்தவற்றில் சுமார் 87 சதவீதம் பெண். தெற்கே கொஞ்சம் குளிர்ந்த கரைகளில் பிறந்தவற்றில் 65 முதல் 69 சதவீதம்தான். மூத்த தலைமுறைக்கும் இளைய தலைமுறைக்கும் நடுவில் மணல் எவ்வளவு மாறிவிட்டது என்பது அந்த எண்களில் தெரிகிறது.

பயப்படுவதற்கு முன் இதையும் பாருங்கள். ஆணும் பெண்ணும் சரிபாதி இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. பெண் ஆமை முட்டையிடாத வருடங்கள் உண்டு, ஆண் அதைவிட அடிக்கடி இணையத் தயாராக இருக்கும். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஆகவே பெண் கூடுதலாகப் பிறப்பது ஓர் எல்லைவரை கெடுதல் இல்லை. கெடுதல் இரண்டு. ஆணே பிறக்காமல் போவது ஒன்று, முட்டைக்குள்ளேயே வெந்து போவது இன்னொன்று. உங்கள் ஏப்ரல் குழி இரண்டாவது வகைபோல் தெரிகிறது.

கரைநடை (மே 21, காலை 6.20)

தம்பி, நேற்று இரவே படித்துவிட்டேன். உடனே எழுத மனம் வரவில்லை. அந்த மடிந்த துடுப்பை நானும் பார்த்திருக்கிறேன்.

1990ல் கல்லூரியில் படிக்கும்போது நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்களோடு நடக்கத் தொடங்கினேன். 1988ல் மாணவர்களே தொடங்கிய அந்தக் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. கல்யாணமாகி வேறு கரைக்கு வந்த பிறகும் நான் நடையை விடவில்லை. இப்போது முழங்கால் வலி, அதனால் வாரத்தில் இரண்டு நாள்தான்.

முதலில், சூடுதான் என்று முடிவு கட்டுவதற்கு முன் செத்த முட்டை என்ன சொல்கிறது என்று பாருங்கள். திறந்து பார்த்தால் மூன்று விதமாக இருக்கும். வெறும் மஞ்சள் கரு, உருவம் எதுவும் இல்லை: கரு கட்டவில்லை அல்லது மிக ஆரம்பத்திலேயே போய்விட்டது. மேல் ஓட்டில் ஒட்டிய சின்னச் சிவப்புக் கறை அல்லது விரல் நகம் அளவு உரு: இடையில் நின்றது. முழுக் குஞ்சு: கடைசி வாரங்களில் செத்தது. மூன்றாவது வகைதான் பெரும்பாலும் சூட்டின் வேலை, இல்லையென்றால் குழிக்குள் தண்ணீர் தேங்கி மூச்சு முட்டியிருக்கும். உங்களிடம் மழை இல்லை, மணலும் கைக்கே சுட்டிருக்கிறது. ஆக நீங்கள் நினைப்பது பெரும்பாலும் சரி.

ஆனால் நோட்டை எடுத்து ஒன்று பாருங்கள். அன்றைக்கு முட்டையை எத்தனை மணிக்குக் கண்டெடுத்தீர்கள், எத்தனை மணிக்குப் புதைத்தீர்கள்? இதை நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1997ல் ஒரு மீனவப் பையன் காலை பதினொரு மணிக்கு வந்து, "அக்கா, ஆமை முட்டை" என்று காட்டினான். இரவே இட்ட முட்டை. சந்தோஷத்தில் 104 முட்டையையும் வாளியில் போட்டு, சைக்கிள் ஹேண்டிலில் மாட்டி, மணலிலும் மேட்டிலும் தள்ளிக்கொண்டு போனேன். ஒன்றுகூடப் பொரியவில்லை. திறந்தால் எல்லாவற்றிலும் அதே சிவப்புக் கறை. இட்ட சில மணி நேரத்தில் கரு மேல் ஓட்டில் ஒட்டத் தொடங்கும். அப்புறம் முட்டை புரண்டால் கரு அறுந்து செத்துவிடும். இது தெரியாமல் நூற்று நாலு உயிரை என் கையாலேயே கொன்றேன். அன்றிலிருந்து விடிந்த பிறகு கண்ட குழியை, நாயும் அலையும் தொடாத இடமாக இருந்தால், எடுப்பதே இல்லை. மேலே ஒரு கம்பி வலைக் கூண்டு வைத்து அங்கேயே விட்டுவிடுவோம். எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொன்றாக, மேல் பக்கம் மேலேயே இருக்கும்படி, ஈர மணல் பரப்பிய கூடையில் வைத்துத் தூக்கவேண்டும்.

அடுத்தது உங்கள் பொரிப்பகம். குழியின் ஆழம் ஒன்றரை அடி இருக்கிறதா? வாய் சிறுத்து வயிறு பெருத்த குடம் மாதிரித் தோண்டவேண்டும், தாய் ஆமை பின் துடுப்பால் தோண்டுவது அப்படித்தான். அடி மணலை அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கவேண்டும், உதிர்ந்தால் ஈரம் போதாது. குழிக்குக் குழி ஒரு மீட்டர் விடுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகும். போன வருடம் குழி போட்ட அதே மணலில் இந்த வருடமும் போடாதீர்கள். அப்புறம் வேலிக்குப் பக்கத்தில் சுவர், கான்கிரீட் எதுவும் இருக்கிறதா? பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சுவர் ராத்திரியில் மணலுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும்.

பந்தல் போடலாமா என்றால், போடுங்கள். இயற்கையில் கைவைப்பதா என்ற உங்கள் தயக்கம் நல்ல தயக்கம். ஆனால் முட்டையை எடுத்து வேலிக்குள் வைத்த அன்றைக்கே கை வைத்துவிட்டோம். ஆமை தானாக இட்டபோது ஒரு குழி அலை ஓரம், ஒரு குழி மேட்டு மேல், ஒரு குழி அடும்பங்கொடி நிழலில் என்று பத்து விதமாக இருந்தது. பத்து விதச் சூடு, பத்து விதக் குஞ்சு. நாம்தான் அத்தனையையும் ஒரே சதுரத்தில், வெட்ட வெளியில் வரிசை கட்டி வைத்தோம். ஆகவே அந்தச் சதுரத்துக்குள் ஒரே மாதிரிச் சூடு இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

நான் செய்வது இது. ஜனவரி, பிப்ரவரிக் குழிகளுக்கு நிழல் கிடையாது. மார்ச் நடுவில் தென்னங்கீற்றுப் பந்தல் போடுவேன், நெஞ்சு உயரம், நாலு பக்கமும் திறந்து காற்று ஓடும்படி. கீற்றை நெருக்கிப் பின்னக்கூடாது, வெயில் பொட்டுப் பொட்டாக விழவேண்டும், மழை வந்தால் ஒழுகவேண்டும். பச்சை நிழல்வலையும் போடலாம், ஆனால் கடற்காற்றில் இரண்டு மாதத்தில் கிழிந்து துணுக்குகள் மணலில் கலக்கும், எனக்கு அது பிடிக்காது. தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் மட்டும், சாயங்காலம், பூவாளியில், மேல் மணல் நனையும் அளவுக்கு. கடல் தண்ணீர் ஊற்றவே கூடாது. குடம் குடமாக ஊற்றினால் முட்டை மூச்சு முட்டிச் சாகும்.

உங்கள் ஏப்ரல் 19 குழிக்கு இன்று முப்பத்திரண்டாம் நாள். ஆணா பெண்ணா என்பது முடிந்துபோன விஷயம், அதை இனி மாற்ற முடியாது. ஆனால் உயிரைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. வனக்காப்பாளரிடம் சொல்லிவிட்டு இன்றைக்கே கீற்றுக் கட்டுங்கள். பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், அவர்களுக்குத் தெரியாமல் வேலிக்குள் எதுவும் மாற்றாதீர்கள்.

கோடியக்கரைப் பாடு (மே 21, பகல் 2.05)

சார், நான் நாகை மாவட்டம், ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். இன்று கடலுக்குப் போகவில்லை, அதனால் வலை பின்னிக்கொண்டே உங்கள் பதிவைப் படித்தேன்.

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் முட்டையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தாயைப் பற்றியும் பேசவேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலிருந்து தெற்கே வரிசையாக நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, நினைவிருக்கிறதா? கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. அது மூழ்கிச் செத்த ஆமை. ஆமைக்கு நம்மைப் போலவே நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கியே ஆகவேண்டும். இழுவலையில் மாட்டிக்கொண்டால் வலை ஏறும்வரை கீழேயே கிடக்கும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை வெளியேற வழிவிடும் கருவியை மடியில் பொருத்தவேண்டும் என்றும் இருக்கிறது. பொருத்தினால் மீனும் இறாலும் போய்விடும் என்று சொல்கிற படகுக்காரர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், சாப்பிட்டும் இருக்கிறேன்.

கடல் சூடாகிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் அப்பா காலத்தில் மத்தி என்றால் கேரளாக்காரர் மீன். இந்தப் பக்கம் யாரும் அதற்கென்று வலை வைத்திருக்கவில்லை. இப்போது இங்கே மத்தி பிடித்து லாரியில் கேரளாவுக்கு ஏற்றுகிறோம். மீன் தனக்குத் தோதான தண்ணீரைத் தேடிப் போய்விடும். ஆமை அப்படி இல்லை, பிறந்த கரைப் பக்கத்துக்குத்தான் முட்டையிட வரும்.

என் வலையில் ஒரு தடவை மாட்டியது. செவுள்வலை விட்டிருந்தேன். தூக்கும்போதே கனம் தெரிந்தது. மேலே கொண்டுவந்ததும் "ஹாஆ" என்று மனுஷன் மாதிரி ஒரு மூச்சு விட்டது, சார். வலையை அறுத்து விட்டேன். ஐயாயிரம் ரூபாய் வலை. அந்த மூச்சைக் கேட்டவன் அறுக்காமல் இருக்க முடியாது.

முத்துக்குளி (மே 21, மாலை 4.30)

தூத்துக்குடியிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஆமையைவிடப் பவளப்பாறையில்தான் சூடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி 2010லும் 2016லும் சித்திரை, வைகாசியில் பாறை வெளுத்தது. பாசி எடுக்க முங்கும் பெண்கள், "அடியில் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார்கள். தண்ணீர் சூடானால் பவளப்பூச்சி தனக்குள் வாழும் நிறமுள்ள நுண்பாசியை வெளியே தள்ளிவிடும், அதற்குச் சாப்பாடு போடுவதே அந்தப் பாசிதான். சூடு சீக்கிரம் தணிந்தால் நிறம் திரும்பும். தணியாவிட்டால் செத்த பாறைதான். அங்கே பந்தல் போட வழியில்லை. உங்களால் போட முடிகிறது, போடுங்கள் ஆசிரியரே.

கரைநடை (மே 21, இரவு 8.50)

நாகைத் தம்பி எழுதியதைப் படித்ததும் நாள் முழுக்க ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மணல் எப்போது குளிர்ச்சியாக இருக்கிறது? தை, மாசியில். வாடைக்காற்று இன்னும் விட்டிருக்காது, விடியற்காலையில் மணலில் வெறுங்காலை வைத்தால் சில்லென்று இருக்கும். ஆகவே நம் கரையில் ஆண் குஞ்சு பிறக்க வாய்ப்புள்ள குழிகள் அந்த மாதத்துக் குழிகள்தான். பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் இடுகிற முட்டை பெரும்பாலும் பெண்ணாகும், அல்லது ஆசிரியர் தம்பி பார்த்ததுபோல் ஆகும். இப்போது பாருங்கள், 2025ல் அந்த ஆமைகள் செத்து ஒதுங்கியது எந்த மாதம்? ஜனவரி. முதலில் வரும் தாய்கள். குளிர்ந்த மணலில் முட்டை போட வந்த தாய்கள்.

வெயில் ஒரு பக்கம், வலை ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பேசுகிறோம். ஆமைக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் அடிக்கிறது. மணல் சூடாகச் சூடாக ஒவ்வொரு ஜனவரிக் குழிக்கும் மதிப்பு கூடுகிறது. ஒரு ஜனவரித் தாய் வலையில் செத்தால், சித்திரையில் பத்துப் பந்தல் போட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெரும்பாலான இடங்களில் நடை எப்போது தொடங்குகிறது? பொங்கல் விடுமுறை முடிந்து, ஆள் சேர்ந்து, வேலி கட்டி முடிக்க ஜனவரி கடைசி ஆகிவிடும். அதற்குள் ஏறிய ஆமைகளின் முட்டையை நாயும் நரியும் தின்றிருக்கும். நான் இருபது வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது மார்கழி பாதியிலேயே இரண்டு பேராவது நடந்துவிடுகிறோம். தம்பி, உங்கள் முதல் குழி ஜனவரி 27 என்றீர்கள். அன்றைக்குத்தான் முதல் ஆமை ஏறியதா, அல்லது அன்றைக்குத்தான் நீங்கள் நடக்கத் தொடங்கினீர்களா?

உப்புக்காற்று (மே 21, இரவு 10.10)

அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. அதோடு, முடிந்தால் குழிக்குள் வெப்பத்தைத் தானே பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்று வையுங்கள், முட்டைகளுக்கு நடுவில், புதைக்கும்போதே. ஒரு குழிக்கு வைத்தாலும் போதும். அதற்குப் பணம் இல்லையென்றால் உங்கள் நோட்டே பாதி வெப்பமானி. இட்ட நாள், பொரிந்த நாள், இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று ஒவ்வொரு குழிக்கும் எழுதி வாருங்கள். 55 நாளை ஒட்டியதென்றால் குளிர்ந்த குழி, 46 என்றால் சூடான குழி. பத்து வருடம் எழுதினால் உங்கள் கரையின் கதை அதில் இருக்கும்.

மணல்மேடு (மே 24, இரவு 9.15)

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக எழுத நேரமில்லை.

நோட்டைப் பார்த்தேன். ஏப்ரல் 2 குழி, கண்டது காலை 4.50, புதைத்தது 5.40. அதில் தவறு இல்லை. ஆனால் அக்கா கேட்ட சுவர்! கடைசி வரிசைக் குழிகளை இடமில்லை என்று மேற்குப் பக்கம், மீன் ஏலக்கூடத்தின் சுவரிலிருந்து மூன்றடியில் போட்டிருக்கிறோம். நேற்று இரவு எட்டு மணிக்குச் சுவரில் கை வைத்தேன், இன்னும் சுட்டது. பள்ளி ஆய்வகத்து வெப்பமானியைக் குழாயில் செருகி, அதே வரிசையில் வெறும் மணலில் ஒன்றரை அடி ஆழத்தில் வைத்தோம். 33.5 காட்டியது. வேலியின் கிழக்குப் பக்கம், அதே ஆழத்தில், 32.

ஏப்ரல் 19 குழியும் அந்தச் சுவர் வரிசைதான். வனக்காப்பாளர் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். அன்று சாயங்காலமே கீற்றுக் கட்டினோம். கீற்றுக் கொடுத்தது எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர். அவர் அந்த இடத்தைக் காட்டிச் சொன்னார்: "இந்த ஏலக்கூடம் இருக்கிற இடமெல்லாம் மணல் மேடு, முட்டு உயரத்துக்கு அடும்பங்கொடி படர்ந்து கிடக்கும். ஆமை அதை இழுத்து விலக்கிவிட்டுத்தான் குழி பறிக்கும்." மேடு இப்போது இல்லை. கொடி சுடுகாட்டுப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஆடி மாதம் மழை பெய்ததும் பிள்ளைகளை வைத்து அதிலிருந்து துண்டு எடுத்து வேலியைச் சுற்றி நடலாம் என்று இருக்கிறேன்.

அக்கா, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: ஜனவரி 27 அன்றுதான் நாங்கள் நடக்கத் தொடங்கினோம். முதல் இரவே குழி கிடைத்தது. அதற்கு முன் எத்தனை ஏறியிருக்கும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. இந்த வருடம் மார்கழி பிறந்ததுமே நடக்கிறோம். இரண்டு மீனவ இளைஞர்கள் பேர் கொடுத்துவிட்டார்கள். நாகை அண்ணன் எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அந்த மூச்சுச் சத்தத்தைத் தானும் கேட்டிருப்பதாக ஒருவர் சொன்னார்.

கோடியக்கரைப் பாடு (மே 25, காலை 5.30)

சார், ஜூன் 14ல் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் எங்கள் பஞ்சாயத்தில் இதைப் பேசப்போகிறேன். தை மாதம் ஒரு மாதமாவது கரையோரம் இழுக்கவேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒத்துக்கொள்வார்களா தெரியாது. சொல்லாமல் இருக்க மாட்டேன்.

மணல்மேடு (ஜூன் 5, காலை 6.45)

ஏப்ரல் 19 குழி நேற்று இரவு, நாற்பத்தாறாம் நாள் பொரிந்தது. கீற்றுப் போட்ட நாலாம் நாளே பக்கத்து மணல் 32.4க்கு இறங்கியிருந்தது, கடைசி வாரம் ஒருநாள் கோடை மழையும் கிடைத்தது. 109ல் 71 வெளியே வந்தன. இன்னும் குழியைத் திறக்கவில்லை, நாளை மறுநாள் திறப்போம். அந்தப் பெண், "ஏன் சார் உள்ளேயே செத்துச்சு" என்று கேட்டவள், ராத்திரி ஒரு மணி வரை அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். டார்ச்சை யாரும் அடிக்கக்கூடாது என்று எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் குஞ்சு ஒன்று அலை ஓரத்தில் புரண்டு மல்லாந்து கிடந்தது. கை வைக்காதே என்று சொல்லியிருந்ததால் அவள் தொடவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த அலை அதைத் திருப்பிவிட்டது.

எழுபத்தொன்று என்று நோட்டில் அவளே எழுதினாள்.